பழைய பிக்கப்புக்குக் கைவைத்தியம்: எதை ஒட்டலாம், எதில் கை வைக்கக்கூடாது

பத்துப் பன்னிரண்டு வருஷம் ஓடிய டீசல் பிக்கப் ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கியிருக்கிறீர்கள். பொலேரோ பிக்கப், டாடா 207, குட்டி யானை, ஏதோ ஒன்று. விலை கட்டுப்படியானதால்தான் வாங்கினீர்கள். இனி ஒவ்வொரு சத்தத்துக்கும் வொர்க்‌ஷாப்புக்கு ஓடினால் மிச்சம் பிடித்த காசு அங்கேயே போய்விடும். இந்தத் தலைமுறை வண்டிகளில் ஒரு நல்ல விஷயம், பல வேலைகளை நாமே செய்யலாம். கம்ப்யூட்டர் மாட்டிப் பார்க்கிற தொல்லை குறைவு. போல்ட்டைக் கழற்றினால் உள்ளே என்ன நடக்கிறது என்று கண்ணுக்குத் தெரியும்.

கைவைத்தியத்தில் ஒரு சிக்கலும் உண்டு. வழியில் நின்றபோது அவசரத்துக்குக் கட்டிய கட்டுக்கம்பி, ‘ஓடுதுல்ல, இருக்கட்டும்’ என்று வருஷக்கணக்கில் அப்படியே கிடக்கும். ஒருநாள் நடுரோட்டில் வண்டி காலை வாரும். பானட்டைத் திறந்து பார்த்தால் முக்கால்வாசி நேரம் இப்படி மறந்துபோன ஒட்டு ஒன்றுதான் விட்டுப்போயிருக்கும்.

அதனால் எந்த ஒட்டு வேலை செய்தாலும் அதற்கு ஒரு கெடு வையுங்கள். நான் வைத்திருப்பது மூன்றே கெடு: வீடு சேரும்வரை, அடுத்த ஓய்வு நாள் வரை, வண்டி உள்ளவரை. முதல் இரண்டு வகை என்றால் அந்த இடத்தில் சிவப்பு பெயின்ட்டில் ஒரு பொட்டு வைத்துவிடுங்கள். பெயின்ட் இல்லாவிட்டால் வீட்டில் இருக்கும் நெயில் பாலிஷ் போதும். பானட்டைத் திறக்கும்போதெல்லாம் பொட்டுகளை எண்ணுங்கள். மூன்றைத் தாண்டினால் அடுத்த லோடு பிடிக்காமல் அவற்றைச் சரிசெய்து முடியுங்கள். வண்டியை வேறொருவர் ஓட்டினாலும், மெக்கானிக்கிடம் விட்டாலும், எங்கே அரைகுறையாக நிற்கிறது என்று அவருக்கும் தெரியும்.

கை வைக்கக்கூடாத இடங்கள்

பிரேக், ஸ்டியரிங், சக்கரம். இந்த மூன்றுக்கும் மேலே சொன்ன கெடு எதுவும் கிடையாது. சரியான பார்ட் போட்டுச் சரி செய்ய வேண்டும், இல்லாவிட்டால் வண்டி நகரக்கூடாது.

பிரேக் பைப் ஒழுகுகிறது என்றால் அந்த ஒரு சக்கரத்துக்குப் போகும் பைப்பை மடக்கி, பிளேயரால் நசுக்கிவிட்டு மற்ற மூன்றில் ஓட்டிக்கொண்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள். காலி வண்டியில் சமதரையில் அது நிற்கிற மாதிரிதான் இருக்கும். ஒன்றரை டன் தக்காளியை ஏற்றிக்கொண்டு மலையிறக்கத்தில் மிதிக்கும்போது வண்டி ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு போகும். வேண்டாம்.

பிரேக் ஆயில் குறைந்திருந்தால் டப்பாவில் என்ன எழுதியிருக்கிறதோ அதே டாட் 3 அல்லது டாட் 4 ஆயிலை மட்டும் ஊற்றுங்கள். அவசரத்துக்கு என்ஜின் ஆயிலையோ பவர் ஸ்டியரிங் ஆயிலையோ ஊற்றினால் மாஸ்டர் சிலிண்டரிலும் வீல் சிலிண்டரிலும் இருக்கிற ரப்பர் கப் எல்லாம் ஊதிப்போகும். அப்புறம் மொத்தத்தையும் மாற்ற வேண்டியதுதான். பிரேக் ஆயில் காற்றில் இருக்கும் ஈரத்தை இழுக்கும். புது டாட் 3 ஆயில் 205 டிகிரியில் கொதிக்கும் என்றால், ஈரம் ஏறிய பழையது 140 டிகிரியிலேயே கொதிக்கலாம். கொடைக்கானல் இறக்கத்தில் பிரேக் திடீரென்று மெத்தென்று இறங்குவதற்கு இதுவும் ஒரு காரணம். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள். பழைய வண்டி வாங்கினால் முதல் வாரமே மாற்றுவது நல்லது, முன்னால் வைத்திருந்தவர் எப்போது மாற்றினார் என்று யாருக்குத் தெரியும்?

வண்டிக்குக் கீழே படுப்பதற்கு முன் இன்னொன்று. ஜாக்கி என்பது தூக்குவதற்கு, தாங்குவதற்கு அல்ல. சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல்லோ கட்டையோ வைத்து, ஹேண்ட் பிரேக் போட்டு, கியரில் விட்டு, தூக்கியபின் சேசிஸுக்குக் கீழே ஸ்டாண்ட் கொடுத்து, ஒருமுறை வண்டியை ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். ஸ்டாண்ட் இல்லையென்றால் கனமான மரக்கட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கலாம். ஹாலோ பிளாக், செங்கல் வைக்காதீர்கள், பாரம் ஏறினால் சொல்லாமல் உடையும். வீல் நட்டைச் சக்கரம் தரையில் இருக்கும்போதே கால் சுற்று லூஸ் செய்து வைத்துக்கொண்டு அப்புறம் தூக்குங்கள். மாட்டிய சக்கரத்தின் நட்டுகளை ஐம்பது நூறு கிலோமீட்டர் ஓடியபின் மறுபடி ஒருமுறை இறுக்க வேண்டும்.

சீட்டுக்கு அடியில் இருக்க வேண்டியவை

8 முதல் 19 வரை ரிங் ஸ்பேனர் செட், இரண்டு ஸ்க்ரூ டிரைவர், கட்டிங் பிளேயர், சுத்தியல், வீல் ஸ்பேனர், ஜாக்கி. இது எல்லாரும் வைத்திருப்பதுதான். வழியில் காப்பாற்றுகிற சாமான்கள் வேறு: பழைய சைக்கிள் டியூப் ஒன்று, கட்டுக்கம்பி ஒரு சுருள், பல அளவில் ஹோஸ் கிளாம்ப் நாலைந்து, எம்-சீல், இன்சுலேஷன் டேப், இரண்டடி ஒயர், ஃபியூஸ் செட், பார் சோப்பு ஒன்று, பனியன் வேஸ்ட், நெற்றியில் மாட்டுகிற டார்ச், ஐந்து லிட்டர் தண்ணீர் கேன். சின்ன மல்டி மீட்டர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். சில நூறு ரூபாய்க்குக் கிடைப்பது போதும். கழற்றிய பழைய ஃபேன் பெல்ட் பிய்ந்துபோகாமல் இருந்தால் தூக்கி எறியாதீர்கள், அதுவும் சீட்டுக்கு அடியில்தான் கிடக்க வேண்டும்.

தண்ணீர் பக்கம்

பழைய வண்டி வழியில் நிற்பதற்கு முதல் காரணம் சூடு. டெம்பரேச்சர் முள் வழக்கமான இடத்தைத் தாண்டி ஏறுகிறது என்றால் ‘அடுத்த பங்க்கில் பார்த்துக்கொள்ளலாம்’ என்று ஓட்டாதீர்கள். என்ஜின் தலைப்பகுதியை அடைத்து வைத்திருக்கும் ஹெட் கேஸ்கெட் போவதற்கு அந்த ரெண்டு கிலோமீட்டர் போதும்.

ஓரம் கட்டி நிறுத்துங்கள். ஆவி அடித்தால் உடனே என்ஜினை அணைத்து, பானட்டைத் தூக்கிவிட்டு டீ குடிக்கப் போங்கள். அரை மணி நேரமாவது ஆகட்டும். ரேடியேட்டருக்குப் போகும் மேல் ஹோஸைக் கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருக்க முடிகிறதா? அப்போதுதான் மூடியில் கை வைக்கலாம். அந்த மூடி உள்ளே அழுத்தத்தைப் பிடித்து வைப்பதால்தான் தண்ணீர் நூறு டிகிரி தாண்டியும் கொதிக்காமல் இருக்கிறது. சூட்டோடு திறந்தால் அத்தனையும் ஒரே நொடியில் முகத்தில் அடிக்கும். ஈரச் சாக்கை மேலே போட்டு, முதல் பல் வரை திருப்பி, சத்தம் அடங்கியபின் முழுக்கத் திறங்கள். காய்ந்து கிடக்கும் சூடான என்ஜினில் பச்சைத் தண்ணீரை ஒரேயடியாக ஊற்றக்கூடாது. என்ஜினை ஸ்டார்ட் செய்து ஐடிலில் விட்டு, கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள்.

எந்தத் தண்ணீர்? வழியில் கிடைத்தது எதுவானாலும் வீடு சேரும்வரை சரி. ஆனால் போர் தண்ணீரை வழக்கமாக ஊற்றினால் உப்பு படிந்து ரேடியேட்டர் குழாய்கள் அடைத்துக்கொள்ளும். வீட்டில் கூலன்ட்டும் டிஸ்டில்ட் வாட்டரும் கலந்து ஊற்றுங்கள்.

இப்போது ஹோஸ். வெடித்த இடம் கிளாம்ப்புக்குப் பக்கத்தில், ஓரத்தில் இருந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம். கிளாம்ப்பைக் கழற்றி, கெட்டுப்போன முனையை நேராக வெட்டி எறிந்துவிட்டு, மிச்சத்தை இழுத்து மாட்டி இறுக்கினால் முடிந்தது. இரண்டு சென்டிமீட்டர் குறைவதைப் பெரும்பாலான ஹோஸ் பொறுத்துக்கொள்ளும். இது ஓய்வு நாள் வரை தாங்கும்.

நடுவில் விரிசல் என்றால் சைக்கிள் டியூப்பை எடுங்கள். வால்வு இருக்கும் பகுதியை விட்டுவிட்டு ஒரு அங்குல அகலத்துக்கு நீளமாக ஒரு பட்டையாக வெட்டுங்கள். ஹோஸில் எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமல் துடைத்துக் காயவிடுங்கள், ஈரம் இருந்தால் ரப்பர் வழுக்கும். விரிசலுக்கு மூன்று அங்குலம் முன்னால் ஆரம்பித்து, டியூப்பை அதன் அகலம் பாதியாகக் குறையும் அளவுக்கு இழுத்துப் பிடித்தபடியே, ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றின் பாதியை மூடுகிற மாதிரி சுற்றிக்கொண்டு போங்கள். விரிசலைத் தாண்டி மூன்று அங்குலம் போய்த் திரும்பி வாருங்கள். முனையைக் கடைசிச் சுற்றுக்கு அடியில் செருகி இழுத்தால் தானே பூட்டிக்கொள்ளும். இரண்டு ஓரத்திலும் விரிசலுக்கு நேராகவும் கட்டுக்கம்பி போட்டு முறுக்குங்கள், ரப்பரை வெட்டிவிடாத அளவுக்கு. கடைசியாக ரேடியேட்டர் மூடியை முழுக்கப் பூட்டாமல் முதல் பல்லில் நிறுத்துங்கள். அழுத்தம் ஏறாததால் கட்டு தாங்கும். ஆனால் இனி தண்ணீர் நூறு டிகிரியிலேயே கொதிக்கும் என்பதால் மெதுவாக, லோடை இறக்க முடிந்தால் இறக்கிவிட்டு, முள்ளைப் பார்த்துக்கொண்டே ஓட்டுங்கள். வீடு சேரும்வரை மட்டும்.

ரேடியேட்டரிலேயே ஊசித் துளை என்றால் மஞ்சள் தூள் போடச் சொல்வார்கள். வேலை செய்யும், பொய் இல்லை. சின்னக் கசிவைத் தூள் போய் அடைக்கும். ஆனால் அதற்கு எது ஓட்டை, எது தண்ணீர் போகும் வழி என்று தெரியாது. ஏற்கெனவே உப்பு படிந்த ரேடியேட்டரில் மெல்லிய குழாய்களையும் சேர்த்தே அடைக்கும். வேறு வழியே இல்லாத இடத்தில் ஒரு ஸ்பூன் போட்டு ஊர் வந்து சேருங்கள், வந்ததும் முழுக்கக் கழுவி விடுங்கள். கை எட்டுகிற இடத்தில் துளை என்றால் எம்-சீல் இதைவிட எவ்வளவோ மேல். தண்ணீரை இறக்கி, உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்து, இரண்டு உருண்டையையும் சம அளவில் ஒரே நிறம் வரும்வரை பிசைந்து அழுத்துங்கள். அவசரப்படாமல் இறுக விடுங்கள், முடிந்தால் ராத்திரி முழுக்க.

வண்டி சூடாகிறது என்றதும், சூடு ஏறும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் நிறுத்தி வைக்கும் வால்வான தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவது நம்மூரில் ஒரு பழக்கம். தெர்மோஸ்டாட் இல்லாத டீசல் என்ஜின் சரியான சூட்டுக்கு வர நேரம் பிடிக்கும், மைலேஜ் குறையும், தேய்மானம் கூடும். எறிவதற்கு முன் சோதித்துப் பாருங்களேன். பழைய பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, நூலில் கட்டித் தொங்கவிட்டு அடுப்பை மூட்டுங்கள். எத்தனை டிகிரியில் திறக்கும் என்று அதன்மேல் 82 மாதிரி ஒரு எண் பொறித்திருக்கும். தண்ணீர் கொதி வரும் முன்பே வால்வு மெல்லத் திறக்க ஆரம்பித்தால் அது நல்லதுதான், கோளாறு வேறெங்கோ இருக்கிறது. கொதித்தும் திறக்கவில்லையா, புதுசு வாங்குங்கள்.

பெல்ட் அறுந்தால் பிரேக்கும் போகும்

புதியவர்கள் பலருக்கு இது தெரியாது. பழைய டீசல் வண்டிகள் பலவற்றில் பிரேக் மிதிக்கும் பலத்தைக் கூட்டித் தரும் பூஸ்டருக்கான வேக்குவம் பம்ப், டைனமோவின் பின்பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும். டைனமோவைச் சுற்றுவது ஃபேன் பெல்ட். பெல்ட் அறுந்தால் பேட்டரி லைட் எரியும், பல வண்டிகளில் அதே பெல்ட்டில் ஓடும் வாட்டர் பம்ப்பும் நின்று என்ஜின் சூடாகும் என்பதெல்லாம் தெரிந்த கதை. கூடவே வேக்குவமும் நின்றுவிடும். மிச்சம் இருப்பதில் ஒன்றிரண்டு முறை பிரேக் வழக்கம்போல் பிடிக்கும், அதன்பின் பெடல் கல்லாகிவிடும். பிரேக் போய்விடவில்லை, முழு பலத்தோடு மிதித்தால் பிடிக்கும். ஆனால் தெரியாதவர் பதறிவிடுவார். ஓடும்போது பேட்டரி லைட் எரிந்தால் பாட்டுப் பெட்டியை அணைத்துவிட்டு வீட்டுக்கு ஓட்டலாம் என்று நினைக்காமல், பெடலைத் திரும்பத் திரும்ப மிதிக்காமல், ஒரே மிதியில் ஓரம் கட்டுங்கள்.

மாற்றுவது பத்து நிமிஷ வேலை. டைனமோவைப் பிடித்திருக்கும் கீழ் போல்ட்டையும், மேலே வளைந்த பட்டியில் இருக்கும் போல்ட்டையும் லூஸ் செய்து, டைனமோவை என்ஜின் பக்கம் தள்ளினால் புது பெல்ட் ஏறும். ஸ்க்ரூ டிரைவரால் நெம்பி ஏற்றாதீர்கள், உள்ளிழை அறுந்து சீக்கிரம் போய்விடும். ஏற்றியபின் டைனமோவை ஒரு கட்டையால் வெளிப்பக்கம் நெம்பிப் பிடித்துக்கொண்டு மேல் போல்ட்டை இறுக்குங்கள். நீளமான பகுதியின் நடுவில் கட்டை விரலால் அழுத்தினால் சுமார் ஒரு சென்டிமீட்டர் இறங்க வேண்டும். புது பெல்ட் இரண்டு மூன்று நாளில் கொஞ்சம் நீளும், மறுபடி ஒருமுறை இறுக்க வேண்டியிருக்கும்.

பெல்ட் கீச்சிட்டால் சோப்பைத் தேய்ப்பது சத்தத்தை மட்டும்தான் நிறுத்தும். லூஸா, தேய்ந்திருக்கிறதா, டைனமோவிலிருந்து ஆயில் தெளிக்கிறதா என்று பாருங்கள்.

கரண்ட் பக்கம்

செல்ஃப் அடித்தால் ‘டக்’ என்ற சத்தத்தோடு நின்றுவிடுகிறது. உடனே பேட்டரி போச்சு என்று முடிவு கட்டி ஆயிரக்கணக்கில் செலவழிக்காதீர்கள். டெர்மினலைப் பாருங்கள். வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருக்கும். நெகட்டிவை முதலில் கழற்றி, அப்புறம் பாசிட்டிவ். வெந்நீர் ஊற்றினால் பூத்தது கரைந்தோடும், கொஞ்சம் சமையல் சோடா கலந்தால் இன்னும் நல்லது. உள்பக்கம் உப்புத்தாளால் ஈயம் பளிச்சென்று தெரியும்வரை தேய்த்து, பாசிட்டிவை முதலில் மாட்டி, நெகட்டிவை கடைசியில் மாட்டுங்கள். மேலே வாசலின் தடவிவிடுங்கள். டெர்மினல் பெரிதாகி ஆடுகிறது என்றால் ஈயத் துண்டோ செப்புத் தகடோ இடையில் செருகி இறுக்கலாம். ஓய்வு நாள் வரை.

அதற்கும் மசியவில்லை என்றால் மல்டி மீட்டர். வண்டி நின்றிருக்கும்போது 12.6 வோல்ட் என்றால் பேட்டரி முழுசாக இருக்கிறது. 12.2 என்றால் பாதி. என்ஜின் ஓடும்போது ஏறக்குறைய 13.8 முதல் 14.4 வரை காட்ட வேண்டும், அதற்குக் கீழே நின்றால் டைனமோவையோ பெல்ட்டையோ சந்தேகப்படுங்கள். இவை எல்லாம் சரியாக இருந்தும் செல்ஃப் இழுக்கவில்லையா? மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவ் கம்பத்திலும், மறு முனையை என்ஜின் இரும்பிலும் வைத்துக்கொண்டு வேறொருவரை செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை. என்ஜினுக்கும் சேசிஸுக்கும் நடுவில் போகிற பட்டை ஒயர் துருப்பிடித்திருக்கும். பழைய பிக்கப்பில் லைட் மங்குவது, இண்டிகேட்டர் போட்டால் பிரேக் லைட்டும் சேர்ந்து சிமிட்டுவது போன்ற பேய் வேலைகளில் பெரும்பாலானவை எர்த் கோளாறுதான். பட்டையைக் கழற்றி, போல்ட் உட்காரும் இடத்தில் பெயின்ட்டும் துருவும் போகத் தேய்த்து மாட்டுங்கள். இது வண்டி உள்ளவரை நிற்கும் வேலை.

ஃபியூஸ் போனால் அதே அளவு ஃபியூஸ்தான் போட வேண்டும். சிவப்பு 10 ஆம்ப், நீலம் 15, மஞ்சள் 20, பச்சை 30. சிகரெட் பெட்டித் தாள், செப்புக் கம்பி எல்லாம் போட்டால் ஃபியூஸுக்குப் பதில் ஒயர் எரியும், அதோடு டேஷ்போர்டும். கையில் வேறு ஃபியூஸ் இல்லையென்றால், இல்லாமல் ஓட்டக்கூடிய சாமானிடமிருந்து, பாட்டுப் பெட்டியிலிருந்தோ சிகரெட் லைட்டரிலிருந்தோ, அதே நிற ஃபியூஸைப் பிடுங்கிப் போடுங்கள்.

டீசல் பக்கம்: ஏர் எடுப்பது

டேங்க் வறண்டுபோய் நின்றாலோ, ஃபில்டர் மாற்றினாலோ லைனில் காற்று புகுந்துவிடும். எத்தனை தடவை செல்ஃப் அடித்தாலும் பிடிக்காது, பேட்டரிதான் சாகும். முதலில் உங்கள் வண்டி எந்த வகை என்று பாருங்கள். என்ஜினுக்குள் டீசலைப் பீச்சும் நாசில் ஒவ்வொன்றின் தலைக்கும் மின்சார ஒயர் போகிறது என்றால் அது காமன் ரெயில். ஆயிரம் பாருக்கும் மேலான அழுத்தத்தில் டீசல் ஓடுகிற பைப்புகள் அவை. கசிகிற இடத்தில் விரலை வைத்தால் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும், அது ஆஸ்பத்திரி கேஸ். லைனில் டீசலைக் கையால் ஏற்றும் ஹேண்ட் பம்ப் அடிப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள், இரும்பு பைப் நட்டுகளைத் தொடாதீர்கள். ஒயர் எதுவும் இல்லாமல் வெறும் இரும்பு பைப் மட்டும் போகிறது என்றால் பழைய மெக்கானிக்கல் பம்ப். அதற்கு இந்த வரிசை:

1. டேங்கில் ஐந்து லிட்டராவது ஊற்றுங்கள். வண்டி சாய்வாக நின்றால் டேங்க்கின் உறிஞ்சு குழாய் இருக்கும் பக்கம் தாழ இருக்கட்டும்.
2. ஃபில்டர் தலையில் இருக்கும் ஏர் ஸ்க்ரூவை ஒன்றரைச் சுற்று லூஸ் செய்து, கீழே பனியன் வேஸ்ட் வையுங்கள்.
3. ஹேண்ட் பம்ப்பை அடியுங்கள். முதலில் ஒன்றும் வராது, அப்புறம் நுரை, அப்புறம் விட்டுவிட்டுத் தெறிக்கும், கடைசியில் குமிழி இல்லாத ஒரே ஓட்டமாக வரும். அடித்துக்கொண்டிருக்கும்போதே ஸ்க்ரூவை இறுக்குங்கள். கையை எடுத்தபின் இறுக்கினால் மறுபடி காற்றை இழுக்கும்.
4. பம்ப்பிலும் ஏர் ஸ்க்ரூ இருந்தால் அங்கேயும் இதே வேலை. முடிந்ததும் ஹேண்ட் பம்ப் கைக்குக் கெட்டியாகத் தெரியும்.
5. நாசில் பக்கத்து பைப் நட்டுகளை, பெரும்பாலும் 17 அல்லது 19 ஸ்பேனர், அரைச் சுற்று லூஸ் செய்து செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். பத்துப் பதினைந்து நொடிக்கு மேல் வேண்டாம், நடுவில் செல்ஃப் மோட்டாருக்கு ஒரு நிமிஷம் ஓய்வு. டீசல் தெறிக்கிற நட்டை ஒவ்வொன்றாக இறுக்குங்கள். இரண்டு இறுகியதுமே என்ஜின் திக்கித் திணறிப் பிடிக்கும், மற்றவற்றையும் இறுக்கிவிடுங்கள்.

நான்கு நாளுக்கு ஒருமுறை இதே வேலை வருகிறது என்றால் எங்கோ காற்று உறிஞ்சுகிறது. டேங்க்கிலிருந்து பம்ப்புக்கு வரும் லைன் இழுக்கிற பக்கம் என்பதால் விரிசல் இருந்தாலும் டீசல் வெளியே சொட்டாது, காற்றுதான் உள்ளே போகும். கண்டுபிடிக்க ஒரு வழி. டேங்க் ஹோஸை ஹேண்ட் பம்ப்புக்கு முன்னால் கழற்றிவிட்டு, சுத்தமான டீசல் கேன் ஒன்றைப் பானட் உயரத்தில், சூடான பாகங்களிலிருந்து தள்ளிக் கட்டி, அதிலிருந்து ஒரு புது ஹோஸ் கொடுத்து, நின்ற இடத்திலேயே ஓட்டிப் பாருங்கள். ஒழுங்காக ஓடினால் கோளாறு டேங்க் பக்கம். பெரும்பாலும் பழைய ரப்பர் ஹோஸ்தான் வெடித்திருக்கும், மீட்டர் கணக்கில் வாங்கி மாற்றிவிடலாம். டீசல் ஹோஸ் என்று கேட்டு வாங்குங்கள், தண்ணீர் டியூப் நாலே மாசத்தில் உப்பி இளகிவிடும்.

பைப் இணைப்புகளில் இருக்கும் செப்பு வாஷர் கசிந்தால் புதுசு போடுவதே சரி. கிடைக்காத இடத்தில் பழைய வாஷரைக் கம்பியில் கோத்து அடுப்பில் செக்கச்செவேலென்று காயவைத்துத் தண்ணீரில் போடுங்கள். செம்பு மறுபடி இளகிவிடும், கரியைத் தேய்த்து எடுத்து மாட்டினால் பிடிக்கும்.

டேங்க்கில் கல் பட்டுத் துளை விழுந்தால் பார் சோப்பு. ஈரமாகக் கசியும் இடத்தில் எம்-சீல் ஒட்டாது, சோப்பு ஒட்டும். சோப்பு டீசலில் கரையாது. துளையில் நன்றாகத் திணித்துத் தேய்த்துவிட்டால் சொட்டுவது நிற்கும். மழையில் மட்டும் தாங்காது. ஊருக்கு வந்ததும் டேங்கைக் கழற்றிக் கொடுத்துவிடுங்கள். டேங்க்கில் நீங்களே வெல்டிங் வைக்காதீர்கள். காலியாக இருக்கிறதே என்று நினைப்பீர்கள், உள்ளே நிற்கும் ஆவிதான் வெடிக்கும்.

சைலன்சர், கேபிள்

சைலன்சர் தொங்கினால் ரப்பருக்குப் பதில் கட்டுக்கம்பி, ஓய்வு நாள் வரை. ஓட்டை விழுந்தால் எண்ணெய் டின்னை வெட்டி விரித்துச் சுற்றி, இரண்டு ஓரமும் ஹோஸ் கிளாம்ப். கேபினுக்கு அடியில் ஓட்டை இருக்கும்வரை கண்ணாடியை இறக்கிவிட்டே ஓட்டுங்கள். புகை உள்ளே வந்தால் தூக்கம் மாதிரிதான் இருக்கும், தூக்கம் இல்லை.

ஆக்சிலரேட்டர் கேபிள் அறுந்தால் எந்த ஊரிலும் இருக்கும் சைக்கிள் கடைக்குப் போங்கள். பின் பிரேக் ஒயர் ஒன்றும், ஸ்க்ரூ வைத்த முடிச்சு ஒன்றும் வாங்கினால் போதும். பெடலை விட்டதும் பம்ப் லீவர் தானாக முழுக்கத் திரும்பி வருகிறதா என்று என்ஜினை ஓட்டாமல் பத்துத் தடவை மிதித்துப் பார்த்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். ஒயர் வழியில் மாட்டிக்கொண்டால் வண்டி நிற்காமல் ஓடும். அப்படி ஆனால் கிளட்சை மிதித்துக்கொண்டு என்ஜினை அணையுங்கள். சாவியில் அணையாவிட்டால் பிரேக்கைப் பிடித்து, பெரிய கியரில் கிளட்சை விட்டால் திணறி நின்றுவிடும்.

பாடி, பிளாட்பாரம்

இங்கேதான் தாராளமாகக் கைவரிசையைக் காட்டலாம், எல்லாமே வண்டி உள்ளவரை என்ற கெடுவில்.

லோடு ஏற்றும் பிளாட்பாரத்தின் தகடு மேலிருந்து கெடுவதை விடக் கீழிருந்து கெடுவதே அதிகம். மூலைகளில் தண்ணீர் வடிய விட்டிருக்கும் ஓட்டைகள் மண்ணும் காய்கறிச் சக்கையும் அடைத்துக்கொள்ளும், ரப்பர் விரிப்புக்கு அடியில் ஈரம் நிற்கும். கம்பியால் குத்தி ஓட்டைகளைத் திறந்துவிடுங்கள், விரிப்பை வாரம் ஒருமுறை தூக்கிக் காயப் போடுங்கள். உரமோ உப்போ மீனோ ஏற்றினால் அன்றைக்கே கழுவ வேண்டும். துருப்பிடித்த இடத்தைக் கம்பி பிரஷ் போட்டுச் சுரண்டி, சுத்தியலால் தட்டிப் பாருங்கள். ‘டங்’ என்றால் தகடு இருக்கிறது, துருவைத் தடுக்கும் ரெட் ஆக்சைடு இரண்டு கோட் அடித்து பெயின்ட் அடிக்கலாம். ‘பொத்’ என்றால் போய்விட்டது. கெட்டது முழுக்க வெட்டி எறிந்து, ஓரத்தில் ஒரு அங்குலம் ஏறி உட்காரும் அளவுக்குத் தகடு வெட்டி, இரண்டுக்கும் நடுவில் ரெட் ஆக்சைடு தடவி, ரிவெட் அடியுங்கள். வெல்டிங் வைப்பதாக இருந்தால் பேட்டரி இணைப்பைக் கழற்றிவிடுங்கள்.

சேசிஸுக்குப் பழைய என்ஜின் ஆயில் அடிக்கிற பழக்கம் இருக்கிறது. துருவைத் தடுக்கும்தான், ஆனால் பிரேக் டிரம் பக்கமும் ரப்பர் புஷ் பக்கமும் பட்டால் வேறு செலவு வரும். ரெட் ஆக்சைடும் கருப்பு அண்டர் கோட்டிங்கும் நல்லது.

கண்ணாடி கதவுக்குள் விழுந்துவிட்டால் கதவின் உள்அட்டையைக் கழற்றி, கண்ணாடியைத் தூக்கி, அடியில் அளவாக ஒரு மரத்துண்டு நிறுத்துங்கள். கண்ணாடியை ஏற்றி இறக்கும் ரெகுலேட்டர் வாங்க மனசில்லாத பலரின் வண்டியில் அந்தக் கட்டைதான் வருஷக்கணக்கில் நிற்கிறது, அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. பின் கதவுக் கொக்கி மட்டும் அப்படி இல்லை. ஓடும்போது திறந்துகொண்டால் பின்னால் வருகிற பைக்காரர் தலையில் லோடு விழும். கயிற்றுக்குப் பதில் சங்கிலியும் ஷேக்கிளும் போடுங்கள்.

பார்ட்ஸ் வாங்குவதும் எஃப்.சி.யும்

சென்னைக்காரர்களுக்குப் புதுப்பேட்டை, கோவைக்காரர்களுக்கு உக்கடம் என்று பழைய பார்ட்ஸ் கிடைக்கும் இடங்கள் உண்டு. கதவு, கண்ணாடி, லைட் கிண்ணம், சீட், பின் கதவு எல்லாம் அங்கே வாங்கலாம். பிரேக் ஹோஸ், டை ராட் எண்ட், பால் ஜாயிண்ட், வீல் பேரிங் இவற்றைப் பழசாக வாங்காதீர்கள். எதை வாங்கப் போனாலும் கழற்றிய பார்ட்டைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள். ஒரே பெயரில் ஓடிய வண்டியில்கூட வருஷத்துக்கு வருஷம் அளவு மாறியிருக்கும், மாடல் பெயரைச் சொல்லி வாங்கினால் பாதி நேரம் திரும்பப் போக வேண்டியிருக்கும்.

சரக்கு வண்டிக்கு எட்டு வயசு வரை இரண்டு வருஷத்துக்கு ஒருமுறையும், அதன்பின் வருஷா வருஷமும் எஃப்.சி. என்கிற தகுதிச் சான்று எடுக்க வேண்டும். லோடு அதிகம் கொள்ளட்டும் என்று பாடியின் உயரத்தையோ நீளத்தையோ ஏற்றிவிடாதீர்கள், ஆர்.சி. புத்தகத்தில் இருக்கும் அளவோடு ஒத்துவராவிட்டால் அங்கேயே நிறுத்திவிடுவார்கள். எஃப்.சி. தேதிக்கு ஒரு மாசம் முன்னாலேயே ஒரு நாளை ஒதுக்கி, எல்லா லைட்டும் எரிகிறதா, ஹாரன், வைப்பர், ரிஃப்ளெக்டர் டேப், ஹேண்ட் பிரேக் சரியாக இருக்கிறதா என்று பார்த்து, சிவப்புப் பொட்டு வைத்த இடங்கள் அத்தனையையும் புது பார்ட் போட்டு முடித்துவிடுங்கள். கடைசி வாரத்தில் போனால் வேண்டிய பார்ட் கிடைக்காது, கிடைத்தாலும் மெக்கானிக் கிடைக்கமாட்டார்.